குறி வைத்தவரும் விசை இழுத்தவரும்: இலக்குத் துவக்கின் விசையும் நுவரெலியா மலைநாடும்

கருவிகளின் வரலாறு அவற்றைக் கையாண்ட மாந்தரின் வரலாறேயாகும். கலப்பையை ஆராயப் புகுவோர் நிலவுடைமையை ஆராயாது விடுதல் இயலாது. தறியை ஆராய்வோர் வணிகத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. மலையகத்தின் கருவிகள் என்றதும் நம் நினைவிற்கு முதலில் வருவன கொழுந்துக் கூடையும், கவ்வாத்துக் கத்தியும், முள்ளும் மண்வெட்டியுமே. இவையனைத்தும் தொழிலாளியின் கையில் இருந்தவை. ஆயின் இதே மலைகளில், இதே காலத்தில், தொழிலாளியின் கைக்கு எட்டாத வேறொரு கருவியும் இருந்தது. அது துவக்கு.

துவக்கின் வரலாறு முழுவதையும் எழுதுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் மிகச் சிறிய உறுப்பாகிய விசையை மட்டுமே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோர் தம் துவக்கிற்கு எத்தகைய விசையைத் தெரிந்தெடுத்தனர், ஏன் தெரிந்தெடுத்தனர் என்பது மேற்போக்கில் ஒரு பொறிநுட்ப வினாவாகத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்கின், எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருத்தல் வேண்டும் என்பதே அவ்வினாவின் உட்பொருள் என்பது புலனாகும்.

1. சொல்லும் பொறியும்

துப்பாக்கி எனும் சொல் துருக்கி மொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. ஈழத்துப் பேச்சு வழக்கிலே துவக்கு என்பதே பெருவழக்கு. வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் பழைய வகையை இடியன் துவக்கு என்பர். மருந்தின்மேல் அடிக்கும் சுத்தியற் பகுதிக்குத் தமிழில் குதிரை என்று பெயர். பின்னோக்கி இழுத்து நிறுத்தப்பட்டு, கடிவாளம் விடப்பட்டதும் பாயும் இயல்பை நோக்க, அப்பெயர் பொருத்தமானதே. அக்குதிரையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு கொளுவி. விரல் விசையை இழுக்கும்போது கொளுவி தன் வெட்டிலிருந்து விலகும், குதிரை பாயும். பிற்காலத் துவக்குகளிலே குதிரைக்குப் பதிலாகச் சுருள்வில்லால் உந்தப்படும் ஊசி அமைந்தது. தத்துவம் ஒன்றே.

விரல் செய்ய வேண்டியது இவ்வளவே எனினும், இலக்குத் தவறுதற்குரிய வாய்ப்பும் இங்கேயே மிகுதி. ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவுபடுத்தும். துவக்கின் நீளம் ஒரு மீற்றர் எனக் கொள்வோம். விசையை இழுக்கும் கணத்தில் அதன் முனை ஒரேயொரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் விலகுமாயின், 300 மீற்றர் தொலைவிலே குண்டு 30 சென்ரிமீற்றர் விலகிச் செல்லும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் படைத்துவக்கொன்றின் நிறை ஏறத்தாழ 9 இறாத்தல். அதன் விசையை இழுக்கத் தேவைப்பட்ட பலமோ 5 முதல் 6 இறாத்தல். துவக்கின் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பலத்தை விரலொன்றினாற் செலுத்திக்கொண்டே அத்துவக்கை அசையாமல் வைத்திருத்தல் வேண்டும். குறிபார்க்கும் கலையின் பெரும்பகுதி இம்முரண்பாட்டை வெல்லும் முயற்சியேயாகும்.

இதற்கு ஐரோப்பியர் கண்ட பழைய தீர்வுகளுள் ஒன்று இரட்டை விசை. ஜெர்மானிய மொழி வழங்கும் நாடுகளில் இது பெரிதும் விரும்பப்பட்டது. ஒரு விசையை முதலில் இழுத்து ஆயத்தமாக்கிக்கொண்டால், மற்றைய விசை தொட்ட மாத்திரத்தில் விடுபடும். இலக்குப் பலகையின் முன்னே இஃது உயர்ந்த ஏற்பாடு. காட்டிலும் களத்திலும் இதுவே உயிராபத்து. ஆகவே மென்மைக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான இழுபறியே விசையின் வரலாறு எனலாம்.

2. விம்பிள்டனின் பட்டுக்கயிறு

1860 யூலை 2ஆம் நாள், இங்கிலாந்தின் விம்பிள்டன் வெளியிலே தேசிய றைபிள் சங்கத்தின் முதலாவது போட்டி தொடங்கிற்று. தொடக்கிவைத்தவர் விக்ரோரியா மகாராணியார். யோசப் விற்வேர்த் என்னும் பொறியியலாளர் தாம் ஆக்கிய றைபிள் ஒன்றை இரும்புத் தாங்கியிற் பூட்டி, 400 யார் தொலைவில் நின்ற இலக்கை நோக்கிச் சரிசெய்து வைத்திருந்தார். விசையுடன் ஒரு பட்டுக்கயிறு இணைக்கப்பட்டிருந்தது. மகாராணியார் கயிற்றை மெல்ல இழுத்தார். குண்டு இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கும் உட்பட்ட தூரத்திற் பதிந்தது.

இந்நிகழ்ச்சி விழாச் சடங்கு மட்டுமன்று. அதிலே ஓர் உண்மை பொதிந்துள்ளது. குறி வைத்தவர் ஒருவர். விசை இழுத்தவர் வேறொருவர். துவக்கை அசையாது நிறுத்திவிட்டால், விசையை இழுப்பவருக்குத் திறமை தேவையில்லை என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. மனிதன் தன் தோளில் ஏந்திச் சுடும்போது இவ்விரு தொழில்களும் ஒருவரிடமே சேர்கின்றன. அப்பொழுதுதான் விசையின் தரம் பொருட்படுத்தத் தக்கதாகிறது. போட்டிகளுக்கான விதிகள் விசைக்குக் குறைந்தபட்ச எடையொன்றை விதித்தமையும், எடைக்கல்லைத் தொங்கவிட்டு அதனைச் சோதித்தமையும் இதன் விளைவே. படைக்குரிய துவக்கால் நடத்தப்படும் போட்டியிலே படைக்குரிய விசையே இருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் நியாயம். 1890இல் இப்போட்டிகள் பிஸ்லிக்கு மாற்றப்பட்டன. பேரரசின் குடியேற்ற நாடுகள் எங்கணும் தொண்டர் படைகள் அதே முறையைப் பின்பற்றின.

3. வேட்டைக்காரரின் மலை

நுவரெலியாவிலே துவக்கு முதலில் இலக்குப் பலகையை நோக்கியன்று, விலங்கை நோக்கியே உயர்த்தப்பட்டது. யானையைக் கொன்றோர்க்கு அரசு பரிசுப்பணம் வழங்கிய காலம் அது. பதுளையில் அரச பதவி வகித்த மேஜர் றொஜேர்ஸ் என்பார் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுகிறார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். அவர் கல்லறை நுவரெலியாவில் உள்ளது.

அவருக்குப் பின் வந்தவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆபிரிக்காவிலே நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று புகழ் பெற்ற இவரே, 1848 முதல் நுவரெலியாவில் ஐரோப்பியக் குடியேற்றமொன்றை அமைக்க முயன்றவர். இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். இலங்கையிற் கழித்த ஆண்டுகளைப் பற்றி இரு நூல்களும் எழுதினார். அவர் கையாண்ட றைபிள்களுள் ஒன்று 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரால் ஆக்கப்பட்டது. அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். ஒவ்வொரு முறையும் வாய்வழியே மருந்திட்டு நிரப்ப வேண்டியிருந்தமையால், நிரப்பிய வேறு துவக்குகளைச் சுமந்து நின்று, வேண்டிய கணத்திலே கையிற் கொடுக்கத் துவக்குக் காவிகள் தேவைப்பட்டனர். அவர்கள் இந்நாட்டவர். விலங்கின் முன்னே வேட்டைக்காரன் நின்ற அளவு அண்மையிலேயே அவர்களும் நின்றனர். ஆயினும் விசை அவர்களுடையதன்று.

காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை பரவிற்று. மலையுச்சிகளில் யானை அற்றுப்போயிற்று. 1876இல் நிறுவப்பட்ட நுவரெலியா ஹில் கிளப்பின் சுவர்களில் விலங்குத் தலைகள் மாட்டப்பட்டன. வேட்டைக்குரிய வெளி சுருங்கியபோது, துவக்குப் பழக்கம் வேறொரு நிறுவனத்துட் புகுந்தது.

4. தோட்டத்துரைமார் படையும் மலைப்பனியும்

1881இல் இலங்கை மென்காலாட் தொண்டர் படை அமைக்கப்பட்டபோது, அதில் இந்நாட்டவர்க்கும் இடமிருந்தது. 1900இல் தோன்றிய இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படையோ ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டது. கண்டி அதன் தலைமையிடம். தென்னாபிரிக்கப் போருக்கு அதிலிருந்து ஆட்கள் அனுப்பப்பட்டனர். அதே ஆண்டிலேயே அப்போரில் சிறைப்பட்ட போயர்கள் ஏறத்தாழ ஐயாயிரவர் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1914இல் இப்படையின் ஒரு பிரிவு எகிப்துக்குச் சென்றது. 1915இல் கலிப்பொலியிலும் பணியாற்றியது. 1949இல் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டபோது இப்படை கலைக்கப்பட்டது.

இத்தகைய தொண்டர் படைகளில் சுடுபயிற்சி இன்றியமையாதது. பேரரசின் பொதுத் துவக்காக விளங்கியது லீ-என்பீல்ட். அதன் விசை இரு கட்டங்களைக் கொண்டது. முதற் கட்டத்தில் 3 முதல் 4 இறாத்தல் வரையான பலத்தால் விசை சற்றுத் தூரம் பின்செல்லும். பின் ஓரிடத்திலே தடைப்பட்டு நிற்கும். அவ்விடத்திலிருந்து 5 முதல் 6 இறாத்தல் வரை செலுத்தினாலே விடுபடும். விசையின் மேற்புறத்தில் அமைந்த இரு சிறு மேடுகளே இதற்குக் காரணம். முதல் மேடு கொளுவியைப் பெரும்பாலும் விலக்கிவிடும். இரண்டாவது மேடு தொட்டதும் நெம்புதூரம் மாறுவதால் இழுவை கடினமாகும். கொளுவி வெட்டினுள் ஆழமாகப் பதிந்திருப்பதால் துவக்கு கீழே விழுந்தாலும் எளிதில் வெடியாது. முதற் கட்டத்தைக் கடந்தபின்னரோ மிகச் சிறிய அசைவே எஞ்சியிருக்கும். பாதுகாப்பும் நுட்பமும் ஒரே பொறியில் இவ்வாறு இணக்கப்பட்டன.

ஆயினும் ஒரு குறை இருந்தது. குறுங்குழல் லீ-என்பீல்ட்டிலும், அதனைத் தொடர்ந்த நான்காம் இலக்கத் துவக்கின் முதல் வடிவத்திலும், விசை துவக்கின் உருக்கு உடலிற் பூட்டப்படவில்லை. கீழேயுள்ள விசைக்காப்பு வளையத்திற் பூட்டப்பட்டது. கொளுவியோ உடலில் இருந்தது. இரண்டிற்கும் இடையே அமைந்தது மரக்கட்டை. மரம் ஈரத்தால் ஊதும்; வெயிலாற் சுருங்கும். அதற்கேற்ப விசைக்கும் கொளுவிக்கும் இடைப்பட்ட தூரம் மயிரிழையளவு மாறும். இரண்டு கட்டங்களின் அளவும் குலையும். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவிலே, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆடையும் சுவரும் ஈரம் குடித்து நிற்கும்; தை மாசியிலோ வறண்ட குளிர் நிலவி, விடியலிற் புல்மேல் உறைபனி படியும். இத்தகைய காலநிலையில் ஒரே துவக்கின் விசை ஒரே தன்மையினதாய் இருத்தல் அரிது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் வந்த திருத்திய வடிவத்திலேயே விசை உருக்கு உடலிற் பூட்டப்பட்டு இக்குறை நீக்கப்பட்டது. விசை எவ்வளவு மென்மையானது என்பதைவிட அது நாளுக்கு நாள் மாறாதிருக்கிறதா என்பதே முதன்மையானது என்னும் படிப்பினையை இது தருகிறது.

5. தெரிவின் அளவுகோல்கள்

இன்றைய இலக்குத் துவக்கிற்கு விசை தெரிவோர் நோக்குவனவும் இவ்வரலாற்றிலிருந்து பிறந்தவையே. முதலாவது, விதி. சர்வதேசப் போட்டிகளில் 300 மீற்றர் நியமத் துவக்கிற்கு விசையின் எடை 1,500 கிராமுக்குக் குறைதல் ஆகாது. 50 மீற்றர் துவக்கிற்கும் 10 மீற்றர் காற்றுத் துவக்கிற்கும் அத்தகைய கீழெல்லை இல்லை. இவற்றில் 100 கிராம் அளவிலான விசைகள் இயல்பாக வழங்குகின்றன. எனினும் முன்கூட்டி ஆயத்தமாக்கும் இரட்டை விசை காற்றுத் துவக்கிலும் 300 மீற்றர் நியமத் துவக்கிலும் தடைசெய்யப்பட்டுள்ளது.

இரண்டாவது, இழுவையின் தன்மை. விடுபடும் முன் விசை இழுபட்டு ஊருமாயின், எக்கணத்தில் வெடிக்கும் என்னும் ஐயம் மனத்தைக் கலைக்கும். விடுபட்ட பின்னரும் விரல் நெடுந்தூரம் பின்செல்லுமாயின், குண்டு குழலை விட்டு நீங்குமுன் துவக்கு அசையும். கண்ணாடிக் கோல் முறிவதுபோல் விசை விடுபட வேண்டும். மூன்றாவது, ஊசி பாயும் நேரம். விசை விடுபடுதற்கும் மருந்து பற்றுதற்கும் இடைப்பட்ட நேரம் குறையுந்தோறும் கை நடுக்கத்தின் விளைவும் குறையும்.

நான்காவது, கட்டங்கள். ஒரு கட்ட விசை சுருக்கமானது. இரு கட்ட விசையோ விரலுக்கு ஓய்விடம் தருகிறது. முதற் கட்டத்தை இழுத்து நிறுத்தி, மூச்சை அடக்கி, குறி நிலைத்தபின் இரண்டாம் கட்டத்தை அழுத்தலாம். குறி நிலையாவிடின் விரலைத் தளர்த்திக்கொள்ளலாம். பயில்வோர்க்கு இதுவே ஏற்றது. குளிர்மிக்க மலைநாட்டில் இதன் பயன் இன்னும் கூடுதலானது. விறைத்த விரலுக்குத் தொடுகையுணர்வு குன்றும். நூறு கிராம் விசையை அத்தகைய விரல் தான் தொட்டதையே அறியாது இழுத்துவிடக்கூடும். ஆகவே பழகுவோன் சற்றுக் கனத்த விசையிலே தொடங்கி, உணர்வு தேறுந்தோறும் எடையைக் குறைத்துச் செல்லுதல் நன்று. குண்டில்லாத் துவக்கிற் பல நூறு முறை விசையிழுத்துப் பழகுதலே இக்கலையின் அரிச்சுவடி.

இவ்வளவுகோல்களையெல்லாம் தொகுத்து நோக்கின் ஒன்று தெளிவாகும். சிறந்த விசை, சுடுபவரின் எண்ணத்தை மாற்றாமலும் முந்தாமலும் நிறைவேற்றுவது. அதனோடு, எண்ணத்தை மீளப் பெற்றுக்கொள்ளக் கடைசிக் கணம்வரை இடமளிப்பது.

6. இலக்கின் மறுபுறம்

மலையகத் தொழிலாளி இவ்வரலாற்றில் எங்கே நின்றான்? 1916ஆம் ஆண்டின் துவக்குக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலைத் தடுத்தது. லயன் அறையில் வாழ்ந்தவனுக்கு அனுமதிப்பத்திரமும் எட்டாதது. துவக்கின் விலையும் எட்டாதது. அவன் துவக்கைக் கண்டது பெரும்பாலும் அதன் முன்புறத்திலிருந்தே.

ஹேவாஹெட்டைப் பகுதி இதற்கோர் எடுத்துக்காட்டு. அங்குள்ள லூல்கந்துரையிலேதான் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக முதலில் நட்டார். அதே பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், 1940 சனவரி 10ஆம் நாள், வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகியாக அவர் போற்றப்படுகிறார். விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவியின் சார்பிலே கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். சுட்டவர் தோட்டத்துரை அல்லர். இந்நாட்டுப் பொலிஸ் சேவையினர். தொழிலாளர் தம் கோரிக்கைகளுக்காகச் சங்கம் அமைத்ததைப் பொறாத தோட்ட நிருவாகமும், அதற்குத் துணைநின்ற காலனித்துவ ஆட்சியும் இலக்கை முன்னரே தீர்மானித்திருந்தன. விம்பிள்டனிற் கண்ட அதே பிரிவினை இங்கேயும் நிகழ்ந்தது: குறி வைத்தவர் ஒருவர், விசை இழுத்தவர் வேறொருவர். அங்கே இரும்புத் தாங்கி; இங்கே அதிகார அமைப்பு.

ஆட்சி மாறியபின்னும் இது மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1977 மே 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்தின் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிக்கப்படுவதை எதிர்த்து நின்ற தொழிலாளர்மீது பொலிசார் சுட்டனர். சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் மாண்டார். துரைமார் படை கலைக்கப்பட்டு இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. துவக்கின் திசை மட்டும் திரும்பவில்லை.

இன்னொரு வகையையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். காட்டோரங்களில் பன்றிக்கும் மரைக்குமாகக் கட்டப்படும் கட்டுத்துவக்கு அது. சட்டம் அதனைத் தடுத்துள்ளபோதும் அது ஒழிந்தபாடில்லை. விசையிலிருந்து நீளும் கயிறு பாதையின் குறுக்கே இழுத்துக் கட்டப்படும். எதன் கால் பட்டாலும் வெடிக்கும். மதுரை மதிலிலே தானே எய்யும் எந்திரவில் இருந்ததெனச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். அது பகைவரைத் தடுக்க அரசன் அமைத்தது. கட்டுத்துவக்கோ பன்றியையும் விறகு பொறுக்கச் செல்லும் பெண்ணையும் வேறுபடுத்தி அறியாது. இங்கே விசையை இழுப்பது பலியாகும் உயிரே. மகாராணியாரின் பட்டுக்கயிறும் கட்டுத்துவக்கின் கயிறும் பொறியியல் நோக்கில் ஒன்றே. மனிதத் தீர்ப்பு முற்றாக நீங்கிய விசை எவ்வாறிருக்கும் என்பதற்குக் கட்டுத்துவக்கு சான்று.

7. முடிவுரை

இலக்குச் சுடுதல் இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டு. தமிழ்நாட்டின் கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் காற்றுத் துவக்குப் போட்டிகளில் ஒலிம்பிக் அரங்குவரை சென்றுள்ளார். துவக்கு ஒரு சாதியாரின், ஓர் இனத்தாரின், ஒரு பாலாரின் தனியுடைமையாய் இருந்த காலம் விளையாட்டரங்கிலேனும் மறைந்து வருகிறது என்பதற்கு இஃது அறிகுறி. அவ்வரங்கின் சிறப்பு யாதெனின், குறி வைப்பவரும் விசை இழுப்பவரும் அங்கே ஒருவரே. தாமே தெரிந்தெடுத்த விசை, தாமே நிறுத்திய மூச்சு, தாமே ஏற்கும் புள்ளி. பலகையிற் பதிந்த துளைக்கு வேறெவரையும் பொறுப்பாளியாக்க முடியாது.

மலையகத்தின் துவக்கு வரலாறு இதற்கு நேர்மாறானது. ஆணையிட்டோர் விசையைத் தொடவில்லை. விசையைத் தொட்டோர் ஆணையின் பின்னே மறைந்தனர். கோவிந்தனும் லெட்சுமணனும் வீழ்ந்தது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலேயாகும். விசையின் எடையை 5 இறாத்தலிலிருந்து 6 இறாத்தலாக உயர்த்துவதால் அவ்வெற்றிடம் நிரம்பாது. விரலைப் போலவே ஆணையிட்ட வாயும் கணக்குக் கேட்கப்படும் சமுதாயத்திலேயே அது நிரம்பும். பொறியியலார் விசைக்கு வகுத்த இலக்கணம், மீளப் பெற்றுக்கொள்ளக் கடைசிக் கணம்வரை இடமிருத்தல் வேண்டும் என்பது. அதிகாரத்திற்கும் அதே இலக்கணத்தை வகுக்கும் கடமை வரலாறு கற்போர்க்கு உண்டு.